நாலாம் படுக்கையும் ஒரு குரூப் போட்டோவும்

1.

இந்தக் கதை ஒரு கடிதமாக இருந்திருக்க வேண்டியது. ‘பொருள்: செவிலியர் தினக் குரூப் போட்டோவில் என் மனைவி இல்லாமை குறித்து’ என்று தொடங்கி, பத்திக்குப் பத்தி எண் போட்டுப் பாதி எழுதியும் விட்டேன். கஸ்தூரி பார்த்துவிட்டாள். அம்பத்தூரில் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் புருஷன் மனுப் போட்டால் வெளியே தலைகாட்ட முடியாது என்றாள். ரயில்வேக்கு எழுதுங்கள், மின்வாரியத்துக்கு எழுதுங்கள், எங்கள் ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேண்டாம் என்று தடை போட்டாள்.

கதை எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவன், டோக்கனை வைத்துக்கொண்டு வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் வரிசையாகக் குரூப் போட்டோக்கள். ஒவ்வொரு மே மாதமும் செவிலியர் தினத்தன்று போர்டிகோ படிக்கட்டில் எடுத்தவை. நடுவில் கேக், சுற்றிலும் நர்சுகள். ஒன்றில்கூட கஸ்தூரி இல்லை. அவள் ஐ.சி.யூ. இன்சார்ஜ். அந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடித்த ஈரம் காயும் முன்பே வேலைக்குச் சேர்ந்தவள்.

பட்டாபிராமில் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் கேட்டேன்.

“எல்லாரும் படியில போய் நின்னுகினா உள்ள யாருங்க நிக்கறது?” என்றாள். வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

2.

தொடக்கம் அ: வெண்ணிற ஆடையில் உலவும் தேவதைகள் என—

(அவர்கள் சீருடை கருநீலம். அடித்தாயிற்று.)

தொடக்கம் ஆ: செவிலியர் பணி என்பது தெய்வத்துக்கு நிகரான—

இந்த இடத்தில் கஸ்தூரி காபியோடு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“தெய்வம் கிய்வம்னு எய்தாதீங்க. தெய்வம்னு சொல்லிட்டா அப்பறம் லீவு கேக்க முடியாது.”

அதையும் அடித்தேன்.

தொடக்கம் இ கட்டுரை மாதிரி இருக்கிறது. இருந்தாலும் விட்டுவைக்கிறேன்: நம் மருத்துவமனைகள் நர்சுகளைப் பாராட்டாமல் இல்லை. ரோஜா கொடுக்கிறார்கள், கேக் வெட்டுகிறார்கள், மைக்கில் புகழ்கிறார்கள். கொடுக்கிறவர் மனதில் கள்ளம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த மைக் பேசும் நேரத்திலும் ஒருத்தி உள்ளே சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருக்கிறாள். விழாவின் கைதட்டல் அவளுக்குக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்கிறது.

[பக்கக் குறிப்பு: ஐ.சி.யூ.வில் கஸ்தூரிக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் ஜெபா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இருவரும் ஒரே மின்சார ரயிலில் போய் வருகிறார்கள். பாராட்டு பற்றி அவள் கருத்தையும் கேட்டேன். “ரோசாப்பூவ வெச்சிகினு இன்னா சார் பண்றது? ஒருநாள் சோத்த சூடா துன்ன வுட்டா போதும்.” கட்டுரையின் மையக் கருத்தை ஜெபாவே சொல்லிவிட்டதால் கட்டுரை இங்கே முடிகிறது.]

3.

இந்த வருஷம் நிர்வாக அலுவலர் மைதிலி அந்தக் குறையைக் கவனித்துவிட்டார். கஸ்தூரியைத் தனியாக ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் குரூப்போடு ஒட்டிவிடலாம், ஒட்டியது யாருக்கும் தெரியாது என்று ஏற்பாடு சொன்னார்.

(முதல் பிரதியில் மைதிலியை ஒரு கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். வில்லி இருந்தால் கதை சுலபமாக நகரும். ஆனால் அவர் கஸ்தூரியின் தோளைத் தொட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னாராம். நல்ல வில்லி ஒருவரை இழந்தேன்.)

“நிக்காத எடத்துல நின்னா மாதிரி காட்டினா அது எப்படி மேடம் என் படமாவும்?” என்று கேட்டாள் கஸ்தூரி. பிறகு தன் யோசனையைச் சொன்னாள். போட்டோ எடுத்து முடியும் வரைக்கும் எல்லா வார்டையும் டாக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் மாறும்போது ஒரு நர்சு இன்னொரு நர்சிடம் எப்படிப் படுக்கை படுக்கையாக ஒப்படைப்பாளோ, அப்படியே முறையாக ஒப்படைத்துவிட்டு வருவார்கள். அது முடியாதென்றால் வழக்கம்போலத் தான் உள்ளேயே இருந்துவிடுவாள், வருத்தம் ஒன்றுமில்லை.

வருத்தம் ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. போட்டோவுக்கு முதல் நாளே சீருடையை இஸ்திரிக்குப் போட்டு வாங்கி, தானும் ஒருமுறை தேய்த்தாள். அந்தச் சுவரில் அவள் இருக்க விரும்பினாள். இந்தக் கதையில் எனக்குத் தெரிந்த ஒரே நிச்சயம் அதுதான்.

மைதிலி நேரே தலைமை மருத்துவரிடம் போனார், சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஜெபா ரயிலில் சொன்னாளாம்: “யக்கா, நீ போட்டோவுக்குப் போ. டாக்டருங்க பெட்பேன் வெக்கற அயக நான் நின்னு பாத்துகினு வரேன்.”

4.

இங்கே ஒரு சிக்கல். அன்றைக்கு நான் அங்கே இல்லை. கஸ்தூரி நாலு வாக்கியத்தில் சொன்னாள். ஜெபா அம்பத்தூரில் ரயிலேறும்போது ஆரம்பித்த பேச்சை எங்கள் வாசலில் என்னிடமும் தொடர்ந்தாள். இரண்டுக்கும் நடுவில் நான் எழுதுகிறேன்.

ஐ.சி.யூ.வை ஏற்றுக்கொள்ள வந்தவர் டாக்டர் அபிஷேக். சின்ன வயது. வெளியே போட்டோகிராபர் எல்லோரையும் உயரவாரியாக நிறுத்திவிட்டார், கஸ்தூரிக்கு மட்டும் நடுவில் இடம் விட்டிருந்தார்கள். உள்ளே அவள் நிதானமாக ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைத்தாள். கடைசியில் நாலாம் படுக்கை. ஏகாம்பரம், அம்பத்தூரை அடுத்த பாடியில் லாரி ஓட்டுகிறவர். வாயில் மூச்சுக்குழாய்.

குழாயில் கரகர சத்தம் வந்தால் சளி எடுக்க வேண்டும். பம்பில் ஏறும் மருந்து சீக்கிரம் தீரப்போகிறது, அடுத்தது தயாராக டிரேயில் இருக்கிறது. இடையிடையே விழித்துக்கொள்கிறார். விழித்தால் மிரண்டு குழாயைப் பிடுங்கக் கை போகும். அப்போது கண்ணெதிரே ஒரு முகம் இருக்க வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் சொன்னாள்.

“எந்தப் பக்கம் நின்னா என் முகம் அவருக்குத் தெரியும்?” என்று கேட்டார் அபிஷேக்.

ஜன்னல் பக்கம் என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் போனில் மருந்து சொன்னால், நர்சு அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். டாக்டர் ‘சரி’ என்ற பிறகுதான் மருந்து ஏறும். வேலைக்கு வந்த நாளிலிருந்து கஸ்தூரி திருப்பிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளிடம் யாரும் திருப்பிச் சொன்னதில்லை.

அபிஷேக் சொன்னார். சத்தம், சளி, பம்ப், டிரே, ஜன்னல் பக்கம், முகம், கை. ஒன்று விடாமல், அவள் சொன்ன வரிசையிலேயே. சொல்லிவிட்டு, “சரியா சிஸ்டர்?” என்று நின்றார். அவள் ‘சரி’ சொல்லும்வரை பொறுப்பு தன் கைக்கு வரவில்லை என்பதுபோல நின்றார்.

இதைக் கஸ்தூரி என்னிடம் சொன்னபோது முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டு வந்தேன். பட்டாபிராமில் எவனையாவது நிறுத்தி, ‘என் வீட்டுக்காரி யார் தெரியுமா’ என்று கேட்க வேண்டும் போல—

(வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் பெருமையடிப்பதாகிவிடும். பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை.)

5.

முடிவு ஒன்று: கஸ்தூரி வாசலைத் தாண்டுகிறாள். உள்ளே அலாரம் அடிக்கிறது. திரும்பி ஓடுகிறாள். போட்டோவில் மறுபடியும் அவள் இல்லை.

முடிவு இரண்டு: நடுவில் நிற்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவள் கண்ணில்—

இரண்டையும் படித்துக் காட்டினேன். முதல் முடிவில் அந்த டாக்டர் பிள்ளைக்கு வேலை தெரியாது என்று ஆக்கிவிட்டேனாம். இரண்டாவதில் இவளைப் பொம்மையாக்கிவிட்டேனாம்.

“அப்ப நடந்ததையே எழுதிடறேன்” என்றேன்.

“எய்துங்க. ஆனா படிக்கறவங்களுக்கு அது இன்னாத்துக்கு? அவங்க ஒருநாள் படுத்துகினு கெடந்தாதான் தெரியும், அங்கேர்ந்து ஒரு ஆளு நவுர்றது எவ்ளோ கஷ்டம்னு.”

அதில் எனக்கு ஒரு வழி கிடைத்தது.

6.

ஏகாம்பரத்தை நான் வார்டுக்கு மாற்றிவிட்டேன். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு உள்ள அதிகாரம் அவ்வளவுதான். அவர் நன்றாக இருக்கிறார், இட்லி சாப்பிடுகிறார். நாலாம் படுக்கை இப்போது காலி. நீங்கள் வந்து படுங்கள்.

வாயில் குழாய். மேலே வெள்ளைக் கூரை. இப்போதுதான் விழித்திருக்கிறீர்கள். எங்கே இருக்கிறோம் என்று புரிவதற்குள் கருநீலச் சீருடையில் ஒரு முகம் கண்ணெதிரே வருகிறது. அவளுக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி, சின்ன வயது டாக்டர் ஒருவர். அரைத் தூக்கத்தில் நீங்கள் கேட்கக் கேட்கத்தான் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். அவள் ‘சரி’ சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திவிட்டு உங்கள் பக்கம் குனிகிறாள். வெளியே படிக்கட்டில் ஜெபா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

“ஒரு போட்டோ எடுத்துகினு வந்துடறேன். டாக்டர் இங்கயே இருப்பாரு. போவட்டுமா?”

நீங்கள் பேச முடியாது. உங்கள் வலது கை அவள் விரல்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அவளாக உருவிக்கொண்டு போகிறவள் இல்லை. நீங்கள் விட்டால்தான் போவாள்.