அப்பாவின் இனிஷியல்

இருபத்தாறு வருடம் ஷண்முகப்ரியா என்று அழைக்கப்பட்டவன் தனக்குச் செந்தில்குமார் என்று பெயர் வைத்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அடையாறில் அவன் வேலை பார்த்த பிசியோதெரபி கிளினிக்கில், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அதற்கு முன்னால் எட்டு மாதம் பெயர் தேடியிருந்தான். ஒரு வாரம் ஷ்ரவணாக இருந்து பார்த்தான். காபிக் கடையில் சாய்சரண் என்று சொல்லி, அவர்கள் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது திரும்ப மறந்து நின்றான். இரண்டுமே கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கோட்டு மாதிரி இருந்தன.

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ரிசப்ஷன் புஷ்ராவிடம்தான் முதலில் சொன்னான்.

"இன்னாபா இது, எங்க தெரு எலக்ட்ரீசியன் பேரு மாரி கீது," என்றாள் அவள். "உன் வயசுல எவன் இந்தப் பேர வெச்சிக்கினு கீறான்?"

"அண்ணன் பேரு சுரேஷ்குமார். நான் பையனாப் பொறந்திருந்தா எங்க வீட்டுல இதத்தான் வெச்சிருப்பாங்க."

"அவுங்க வெக்கலியே."

"அதான் நானே வெச்சுக்கிறேன்."

புஷ்ரா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சரி செந்திலு, ஊறுகாய இப்டி தள்ளு," என்றாள்.

அவனுடைய அப்பா ஜவஹர் முப்பது வருடத்துக்கு முன் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்தவர். கடைக்கு மேலேயே வீடு. ஊரை விட்டு வந்து இத்தனை காலம் ஆகியும் வீட்டுப் பேச்சு மட்டும் மாறவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்துக் குரல் உடைந்தபோது செந்தில் வீட்டில் உண்மையைச் சொன்னான். அன்றைக்கே சுரேஷ் அவனைப் படிக்கட்டில் தள்ளிவிட்டான். ஒரு பையோடு வெளியே வந்தவன் தேனாம்பேட்டையில் ஒரு அறை எடுத்துக்கொண்டான். சொந்தக்காரர்களிடம், மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

திருநம்பி என்று கலெக்டர் ஆபீஸ் அடையாள அட்டை வந்துவிட்டது. அடுத்தது கெஜட்டில் பெயர் மாற்றம். அதற்குப் பிறப்புச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் வேண்டும். இரண்டும் அப்பாவின் பீரோவில் இருந்தன.

ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த நாள் அது. கடையில் நல்ல கூட்டம். கல்லாவில் இருந்த ஜவஹர், தாடி வைத்த ஒரு இளைஞன் உள்ளே வருவதைப் பார்த்து, "வாங்க தம்பி, என்ன பாக்கணும்?" என்றார்.

"அப்பா," என்றான் செந்தில்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் கறுத்தது.

"ஏட்டி, என்ன கோலம் இது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொறவாசல் வழியா மேல போ. ஆளுக நிக்காங்க."

"மேல வரல. என் சர்ட்டிபிகேட் ரெண்டையும் குடுங்க, போயிருதேன்."

"எதுக்கு?"

"பேரு மாத்தணும்."

பாத்திர அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து சுரேஷ் வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றான். "என்ன பேரு?"

"செந்தில்குமார்."

சுரேஷ் சிரித்தான். "எம் பேருக்கு ஜோடி சேத்து வெச்சிருக்கா பாருங்கப்பா. நாளைக்குக் கடை போர்டுல 'அண்ட் பிரதர்ஸ்'னு எழுதச் சொல்லுவா."

ஜவஹர் சிரிக்கவில்லை. பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு கல்லா மேசை மேல் வைத்தார். "என்ன எழவு பேர வேணும்னாலும் வெச்சுக்க. முன்னால எம் எழுத்து வரக் கூடாது. ஜ போட மாட்டேன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடு. சர்ட்டிபிகேட் தாரேன்."

அப்படி ஒரு நிபந்தனையை அவன் எதிர்பார்க்கவில்லை. அடிப்பார், திட்டுவார் என்றுதான் நினைத்து வந்திருந்தான். பேனாவை எடுத்தான். எழுதிக் கொடுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் எழுதவில்லை. பேனாவைத் திரும்ப வைத்தான்.

"கெஜட்ல அப்பா பேரு இல்லாமப் போட மாட்டாங்க. ஜவஹர் மகன்னுதான் வரும்."

"எனக்கு ஒரே மகன்தான்."

"அப்ப நான் யாரு?"

ஜவஹர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நீ எவனா இருந்தா எனக்கென்ன? எறங்குலே. கடைய விட்டு எறங்குலே மொதல்ல."

அந்த வீட்டில் 'ஏட்டி' என்றால் அவன். 'லே' என்றால் சுரேஷும் கடைப் பையன்களும். பிறந்ததிலிருந்து அப்பா அவனை ஒரு தடவைகூட 'லே' போட்டுக் கூப்பிட்டதில்லை. சுரேஷ் சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். ஜவஹருக்கும் தன் வாயில் வந்தது காதில் விழுந்துவிட்டது. அந்தச் சொல்லைத் தன்னிடமிருந்து ஏமாற்றி வாங்கிவிட்டதைப் போல அவர் செந்திலை முறைத்தார். பிறகு பக்கத்து அடுக்கிலிருந்து கைக்குக் கிடைத்த கரண்டியை எடுத்து வீசினார். அது காது மடலைக் கிழித்துக்கொண்டு போய்க் குக்கர்கள் மேல் விழுந்தது.

"யாருங்க அது?" என்றாள் இட்லிப் பானை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள்.

"திருட்டுப் பய, அக்கா," என்றான் சுரேஷ். "நீங்க பாருங்க."

கடைப் பையன்கள் இரண்டு பேர் செந்திலின் தோளைப் பிடித்துத் தெருவில் தள்ளினார்கள். கைக்குட்டையால் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பனகல் பார்க் வரைக்கும் நடந்தான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அப்பா வாயில் வந்த அந்த 'லே' ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. காது வலித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தேனாம்பேட்டை வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தாள். கபாலீஸ்வரர் கோயிலுக்கு வருவதாகவும், குளத்துப் பக்கம் வந்து நிற்கும்படியும் சொன்னாள். பேச்சியம்மாள் வெள்ளிதோறும் மயிலாப்பூருக்கு வருகிறவள்தான். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சர்ட்டிபிகேட்டை ஒளித்து எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து, கிளினிக்கில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினான்.

வடக்கு மாட வீதிப் பக்கம், குளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கையில் அர்ச்சனைக் கூடை மட்டும்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். காதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையும் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஒங்க அண்ணன் எல்லாத்தையும் கேஸ் அடுப்புல வெச்சுக் கொளுத்திட்டான்," என்றாள். "அதச் சொல்லத்தான் வந்தேன். இனி அதக் கேட்டுக் கடைப் பக்கம் வராத."

"நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"ஆமா. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

பக்கத்தில் பூக்காரி முழம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் ஒருவர் "அம்மா, வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். செந்தில் இரண்டு நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டான்.

"அப்பா எழுத்து வேண்டாம்னா உங்க எழுத்தப் போட்டுக்கிடவாம்மா? பே. செந்தில்குமார்னு. இப்பல்லாம் அம்மா இனிஷியல் போட்டுக்கிடலாம்."

பேச்சியம்மாள் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தான். அழவில்லை.

"பெத்து, பாலூட்டி, பள்ளிக்கூடம் முடியுத வரைக்கும் தெனமும் தல பின்னி விட்டேன். அந்தப் பிள்ளையக் கொன்னுட்டு எங்கிட்டயே வந்து பேரு கேக்குத."

"நான் சாகலம்மா. இங்கதான நிக்கேன்."

"நீ நிக்க. அவ எங்க?"

அவள் கூடையிலிருந்து விபூதியை எடுத்துத் தன் நெற்றியில் மட்டும் பூசிக்கொண்டாள். "ஊருல ஒங்க ஆச்சி செத்தப்பகூட எனக்கு இப்படி இல்ல," என்றாள். பிறகு கை காட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தி, பேரம் பேசி ஏறிப் போனாள்.

மறுநாள் அவன் எல்லாவற்றையும் சொன்னபோது, புஷ்ரா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். "இனிஷியலே வாணாம், உடு. எங்க வூட்ல பாதிப் பேருக்கு ஒயுங்கா இனிஷியல் இல்ல. இன்னா கெட்டுப் போச்சு?"

"விட முடியாது."

"அவுரு கரண்டியால அடிக்கிறாரு, நீ அவுரு பேரப் போட்டுக்கினு திரியப் போறியா?"

"ஆமா," என்றான்.

அன்பினால் அல்ல. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எழுதிக் கொடு என்று அவர் தாளை நீட்டிய விதம் அவனுக்குள் கல் மாதிரி கிடந்தது. அவர் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதாலேயே அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

டூப்ளிகேட் வாங்க ஐந்து மாதம் ஆயிற்று. சான்றிதழ்கள் எப்படித் தொலைந்தன என்று கேட்ட இடத்தில், 'பேருந்துப் பயணத்தில்' என்று எழுதினான். நோட்டரியிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் பழைய கையெழுத்தைக் கடைசியாகப் போட்டான். கெஜட் வந்தது. ஜ. ஷண்முகப்ரியா, தந்தை பெயர் ஜவஹர், பூர்வீக மாவட்டம் தூத்துக்குடி, இனி ஜ. செந்தில்குமார் என அழைக்கப்படுவார். நான்கு வரிதான். அவன் அதைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பவில்லை. புஷ்ராதான் கிளினிக் குரூப்பில் போட்டாள்.

மாசி மாதம் ஒரு நாள் சுரேஷ் கிளினிக்குக்கு வந்து ஷண்முகப்ரியாவைப் பார்க்க வேண்டும் என்றான்.

"அப்டி யாரும் இங்க இல்லீங்க," என்றாள் புஷ்ரா.

உள்ளேயிருந்து குரல் கேட்டு செந்திலே வெளியே வந்தான். இருவரும் வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் போனார்கள். சுரேஷ் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினான்.

"இது அழைப்பு இல்ல. எந்த மண்டபம், எந்தத் தேதின்னு தெரிஞ்சாத்தான அந்தப் பக்கம் வராம இருப்ப."

செந்தில் பிரித்துப் பார்த்தான். கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழ் அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்தன. அதற்கடுத்து ஜ. ஷண்முகப்ரியா, பெங்களூர்.

"இது எதுக்கு?"

"பொண்ணு வீட்டுல மகளும் உண்டுன்னு சொல்லியாச்சு. லீவு கெடைக்கலன்னு அன்னைக்குச் சொல்லிக்கிடுதோம்." சுரேஷ் அவனைப் பார்க்காமல் சாவியைச் சுழற்றினான். "இன்னும் ஒண்ணு. அந்தப் பொண்ணு நாத்தனார்ட்ட பேசணும் பேசணும்ங்கா. ஒரு ரெண்டு நிமிசம் போன்ல பேசு. பழைய குரல்ல."

"அந்தக் குரல் இல்ல."

"முயற்சி பண்ணிப் பாரு. நல்லா இருக்கியாம்மான்னு கேட்டாப் போதும்."

"எங்கிட்ட இல்ல, அண்ணா."

"அண்ணான்னு சொல்லாத." சுரேஷ் இப்போதுதான் நேராகப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. "அப்பா ஒரு வருசமா நெஞ்சு வலின்னு மாத்திர போடுதாரு. அம்மா யார்ட்டயும் பேசுதது இல்ல. ஒனக்கு ஒரு பேரு வேணும்னு எங்க எல்லாரையும் நாசம் பண்ணிட்ட. ரெண்டு வார்த்த பேச மாட்டியா?"

செந்தில் அந்தப் பெண்ணின் பெயரைப் பத்திரிகையில் பார்த்தான். ஸ்ரீரஞ்சனி. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லப்படும் பொய்யில் பாதியைத் தன்னைச் சொல்லச் சொல்கிறார்கள் என்று தோன்றியது.

"நம்பர் குடு, பேசுதேன்," என்றான். "இந்தக் குரல்ல. யாருன்னு கேட்டா செந்தில்குமார்னு சொல்லுவேன்."

சுரேஷ் கையை ஓங்கினான். கிளினிக் வாசலில் புஷ்ராவும் இரண்டு நோயாளிகளும் நிற்பதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான்.

"அப்ப செத்துட்டான்னு சொல்லிருதோம்."

"யாரு, அவளா?"

"ரெண்டு பேரும்தான்."

பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். செந்தில் உள்ளே போய் முகம் கழுவினான். அபிராமபுரத்திலிருந்து முட்டி வலிக்கு வரும் ஸ்ரீனிவாசராகவன் மாமா கட்டிலில் காலை நீட்டிக் காத்திருந்தார். "யாருப்பா அது, சண்டைக்கு வந்துட்டுப் போறது?" என்று கேட்டார். "எங்க அண்ணன்," என்று சொல்லிவிட்டு, அவர் காலை மெல்ல மடக்கினான்.

கல்யாணம் நடந்தது. அன்றைக்கு வீட்டில் என்ன காரணம் சொன்னார்கள் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அம்மாவின் எண்ணுக்கு மூன்று முறை அடித்தான். மூன்று முறையும் பாதியில் துண்டிக்கப்பட்டது. நான்காவது முறை அடிக்கவில்லை.

சித்திரையில் பாங்கில் பெயர் மாற்றப் போனபோது, கௌண்டரில் இருந்த பெண் கெஜட் நகலைப் படித்துவிட்டு, "ஜ-ன்னா என்ன சார்?" என்று கேட்டாள்.

"ஜவஹர்."

"அப்பாவா? இருக்காரா?"

"இருக்காரு," என்றான். "தி.நகர்ல பாத்திரக்கடை வெச்சிருக்காரு."

அவள் ஃபாரத்தில் அதை எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.