மக்டலினின் இடது கை

கிற்றாரைக் கொண்டுபோக வந்ததாக றிக்சன் சொன்னதும் மக்டலின் அவனைப் படலையடியிலேயே மறித்துவிட்டாள். உடுப்புத் தோய்த்த ஈரம் அவள் கையில் காயவில்லை. நிக்கலஸ் உள்ளே வாங்கில் இருந்தபடி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான். “வந்து தூக்கிக்கொண்டு போ, கோயில் பாட்டுக்குழுவுக்கு உதவும், இஞ்ச கிடந்து தூசிதான் பிடிக்குது” என்று றிக்சனுக்கு போன் எடுத்துச் சொன்னவன் அவன்தான். மனைவியிடம் அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

“குடுக்கிறேல்ல, றிக்சன்” என்றாள் மக்டலின்.

“அண்ணைதான் வரச்சொன்னவர், அக்கா.”

“ஓம். அவருக்கு வேண்டாமாம். எனக்கு வேணும்.”

றிக்சன் யன்னலைப் பார்த்தான். நிக்கலஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மோட்டார் சைக்கிள் திரும்பி, கப்பல்துறைச் சந்திப் பக்கமாகச் சத்தம் தேய்ந்து போனது.

போன வருஷம் தவக்காலத்தில் ஒருநாள், துறைமுகத்தில் பாரந்தூக்கியின் கூண்டிலிருந்து இறங்கும்போது நிக்கலஸின் இடது கை ஏணியைப் பிடிக்கவில்லை. பிடிக்கச் சொல்லி மனம் சொன்னது, கை கேட்கவில்லை. பாரிசவாதம் என்றார்கள். கால் மெல்ல மெல்லத் தேறியது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கை மட்டும் விரல்கள் உள்ளே மடிந்து, யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. இருபது வயதிலிருந்து சனிக்கிழமைகளில் நிலாவெளி ஹோட்டல்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலிலும் கிற்றார் அடித்தவன். தந்தி மீட்டும் வலது கை பழையபடியேதான் இருந்தது. இரண்டும் போயிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் என்றுகூடச் சில நாட்களில் நினைத்திருக்கிறான்.

மக்டலினுக்கும் பாட்டுக்கும் வெகுதூரம். கோயிலில் எல்லோரும் பாடும்போது அவள் உதட்டை மட்டும் அசைப்பாள். “நான் வாயைத் திறந்தா ஆண்டவர் இறங்கி ஓடிடுவார்” என்று தானே சொல்லிச் சிரிப்பாள். பட்டணத்தில் ஒரு பாமசியில் வேலை. டொக்டர்மாரின் கிறுக்கல் எழுத்தை வாசிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அன்றைக்கு அவள் கையைத் துடைத்துவிட்டு வந்தாள். சுவரில் சாய்ந்திருந்த கிற்றாரை எடுத்து அவன் மடியில் வைத்தாள். பிறகு வாங்கில் அவனுடைய இடப்பக்கமாக ஒட்டி உட்கார்ந்து, கிற்றாரின் கழுத்தைத் தன் இடது கையால் பிடித்தாள்.

“இனிக் காட்டுங்கோ. எந்த விரலை எங்க வைக்கிறது?”

“உனக்கென்ன விசரே? உனக்குச் சுருதியே தெரியாது.”

“சுருதி உங்களிட்ட இருக்குத்தானே. என்னட்ட விரல் இருக்கு.”

அவன் கோபத்தில்தான் தொடங்கினான். இரண்டு நாளில் விட்டுவிடுவாள் என்று நினைத்தான். பல தந்திகளைச் சேர்த்து அமுக்கும் பிடிகளுக்குக் கோட் என்று பெயர். முதலில் ஏ, பிறகு டீ, பிறகு ஈ. தந்தி விரல் நுனியை வெட்டியது. பாமசியிலிருந்து ஒட்டுப்போடும் துண்டு கொண்டுவந்து சுற்றிப் பார்த்தாள். அதோடு அமுக்கினால் தந்தியின் சத்தம் செத்துப்போனது. கழற்றி எறிந்துவிட்டு வெறும் விரலோடு இருந்தாள். அவன் நல்ல வாத்தியார் இல்லை. பிந்தினால் உச்சுக்கொட்டுவான், பிழைத்தால் மேலே பார்ப்பான். “திரும்ப அடியுங்கோ” என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பக்கத்துச் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து விமானம் கிளம்பும்போது வீடு முழுக்க இரையும். அந்த இரைச்சலுக்குள்ளும் அவள் விரல்களைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதை அவன் பார்த்தான். சத்தமே கேட்காமல் இப்படிப் பயிற்சி எடுக்கிற ஒருத்தரை அவன் அதுவரை கண்டதில்லை.

மாரி தொடங்கும்போது மூன்று பிடிகளும் அவளுக்கு வசமாகியிருந்தன. அவன் வலது கையால் அடிக்க, அவள் பிடிக்க, பழைய பாட்டொன்று தட்டுத்தடுமாறி ஓடியது. ஆனால் ஏதோ வெறுமையாக இருந்தது.

“செவன்த் வேணும்” என்றான். “ஈயில இருந்து இந்த மோதிரவிரலை மட்டும் எடு. அதுதான் ஈ செவன்.”

அவள் எடுத்தாள். அவன் அடித்தான்.

“வித்தியாசம் தெரியுதே?”

“இல்லை. ரெண்டும் ஒண்டுதான்.”

“இது முடியாத சத்தம், மக்டலின். இதைக் கேட்டா, அடுத்ததா ஏ வரவேணும் எண்டு மனம் கேக்கும்.”

“என்ர மனம் ஒண்டும் கேக்கேல்ல. விரலை எடுக்கச் சொன்னீங்கள், எடுத்திட்டன்.”

அவன் அதற்குமேல் விளக்கவில்லை. அவள் கண்ணால் படித்தாள், கணக்குப் போல மனப்பாடம் செய்தாள். அதுவே பெரிய காரியம் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். காது என்பது கொடுத்துவைத்தவர்களுக்கு வாய்ப்பது என்று அவனுக்கு ஒரு எண்ணம் இருந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் பாட்டின் நடுவில் இருந்தார்கள். அவள் மோதிரவிரலைத் தூக்கினாள். அவன் ஈ செவனை அடித்த அதே நேரம், பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டாள்.

“மக்டலின்! மழ தூறுது, உடுப்பெல்லாம் நனையப்போகுது!”

நிக்கலஸ் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினான். மக்டலின் எழும்பவில்லை. விரல்கள் தந்தியில் அமுங்கியபடியே இருந்தன.

“நனையட்டும் றாத்தா, ஒரு நிமிசம்” என்று கத்தினாள். பிறகு அவனிடம், “என்ன பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்? அடிச்சு முடியுங்கோ. இப்பிடி நடுவில விட்டா மனுசர் எப்பிடி எழும்பிப் போறது?”

அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் உண்மையான எரிச்சல் இருந்தது. செருப்புக்குள் கல் புகுந்தவளின் எரிச்சல். தான் என்ன சொன்னாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

“என்ன?” என்றாள்.

“ஒண்டுமில்லை. ஏயைப் பிடி.”

அவள் பிடித்தாள். அவன் ஒருமுறை, மெல்ல, எல்லாத் தந்திகளும் தனித்தனியாகக் கேட்கும்படி அடித்தான். அவளுடைய தோள் தளர்ந்து இறங்கியதை, ஒட்டி இருந்ததால், தன் உடம்பில் உணர்ந்தான். பிறகு அவள் மழைக்குள் ஓடினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நல்ல வேளையாக ஈர உடுப்புகளோடு வந்தவளுக்கு அவனைப் பார்க்க நேரமிருக்கவில்லை.

திருநாள் நெருங்கும்போது றிக்சன் மறுபடி வந்தான். கோயில் வளவில் பின்னேரம் பாட்டு நிகழ்ச்சி, அண்ணையும் அக்காவும் ஒரு பாட்டு அடிக்க வேண்டும் என்றான். நஜ்முன் நிஸா மூலம் கதை ஊருக்குள் பரவியிருந்தது.

“ஏலாது” என்றான் நிக்கலஸ். “சனம் பாட்டைக் கேக்காது. என்ர கையைத்தான் பாக்கும். பாவம், மனுசி பிடிச்சு விடுறாள் எண்டு கதைக்கும்.”

றிக்சன் போனதும் மக்டலின் அடுப்படிக்குப் போனாள். இடியப்பத் தட்டை அவன் முன்னால் வைத்தாள். சாப்பிட்டு முடிந்ததும், “பீ செவனை இன்னொருக்காக் காட்டுங்கோ” என்று மட்டும் கேட்டாள்.

பீ செவனுக்கு நான்கு விரலும் வேண்டும். நடுவிரல் இருந்த இடத்திலேயே இருக்க, மற்றவை அதைச் சுற்றித் தம் இடத்துக்குப் போகவேண்டும். கடைசியாகச் சின்னவிரல் தனியே நீண்டு கீழ்த் தந்தியை அமுக்கவேண்டும். நிக்கலஸுக்கே அது வசப்பட மாதக்கணக்கானது. அவளுடைய சின்னவிரல் ஒவ்வொரு முறையும் பக்கத்துத் தந்தியில் சரிந்து விழுந்தது.

கையைக் காட்டுகிற அடுத்த ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அவன் தனியாகவே பஸ்ஸில் பட்டணத்துக்குப் போனான். கையில் முன்னேற்றம் இல்லை என்றார்கள். பயிற்சியை விடவேண்டாம் என்றும் சொன்னார்கள். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு பாமசி வாசலுக்கு வந்தவன், கண்ணாடிக் கதவைத் தள்ளப் போய் நின்றுவிட்டான்.

உள்ளே ஆட்கள் இல்லை. மக்டலின் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். இடது கையில் கோடு போடும் மர அடிமட்டம் ஒன்றை, கிற்றார்க் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். அவள் அதைப் பார்க்கவேயில்லை. கண் எதிர்ச் சுவரில் இருந்தது. நடுவிரல் அப்படியே நிற்க, மற்ற விரல்கள் எழும்பி இடம் மாறி இறங்கின. ஈ. பீ செவன். திரும்ப ஈ. தெருவில் லொறி ஒன்று ஹோன் அடித்தபடி போனது. வெயில் அவன் முதுகில் ஏறியது. தன்னைப் பார்த்துப் பரிதாபப்படப்போகிற சனத்தை அவன் இவ்வளவு நாளும் எண்ணிக்கொண்டிருந்தான். பார்க்க வேண்டியது இந்தக் கை அல்லவா என்று அப்போதுதான் தோன்றியது. நாற்பது வயது தாண்டி, தந்தியில்லாத ஒரு மரத்துண்டில், யாருக்கும் கேட்காத ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிற கை.

கிளினிக் கொப்பி வைத்த பிளாஸ்டிக் பையை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டு போனை எடுத்தான்.

“றிக்சன், ரெண்டு கதிரை போடு. கைப்பிடி இல்லாத கதிரை. நல்லா ஒட்டிப் போடு.”

“ரெண்டு பேரும் வாறீங்களோ அண்ணை?”

“ஓம். அவ பிடிக்கிறா. நான் அடிக்கிறன்.”

அவன் போனை வைக்கும்போது பர்தா போட்ட ஒரு பெண் அவனைத் தாண்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேசையடியில் மருந்துத் துண்டை நீட்டியவள், நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். மக்டலின் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று விரல்கள் இடத்துக்கு வந்துவிட்டன. சின்னவிரல் காற்றில் நின்று நடுங்கியது. பிறகு, குளிர்ந்த தண்ணீருக்குள் கால் வைப்பவளைப் போல, மெல்ல நீண்டு மரத்தின் ஓரத்தில் இறங்கியது.