சாந்து காயும் வரை

கணேசலிங்கம் தலையையும் ஒரு தோளையும் கணப்புக்குள் நுழைத்து, செங்கற்களுக்கு இடையில் இற்றுப்போயிருந்த பழைய சாந்தை உளியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது அவருடைய முதுகும், முழங்காலுக்குக் கீழே மடித்துப் போட்டிருந்த பழைய போர்வையும்தான். ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கரியும் தூளும் உதிர்ந்தன.

அறை வாசலை மறைத்து ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை விலக்கிக்கொண்டு மகள் கஜந்தினி உள்ளே வந்தாள்.

"அப்பா, இண்டைக்கு இதைச் செய்யத்தான் வேணுமோ?"

"முதல்ல அதை மூடு பிள்ளை. தூசி அங்கால போகப் போகுது."

அவள் மூடினாள். "அம்மா உங்களைக் கேக்கிறா."

"இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வாறன்."

அந்த 'வாறன்' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவள் கஜந்தினி. அந்தச் சொல்லுக்கு ஒரு தம்பியும் உண்டு: 'பேந்து பாப்பம்', அதாவது பிறகு பார்க்கலாம். இருபத்திரண்டு வருடம் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டிய மனிதர். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றவே அரை மணித்தியாலம் எடுப்பார். சொட்டுகிற குழாய், ஆடுகிற பின்படி, இறுகிப்போன ஜன்னல் எல்லாமே அவருடைய 'பேந்து'வுக்காகக் காத்திருந்தன. கணப்பும் அப்படித்தான்.

லாசாலில் மூன்றாம் மாடி அப்பார்ட்மெண்டில் இருந்தவர்கள், யோகராணிக்குக் கல்லூரிச் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தபிறகுதான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இந்தப் பழைய வீட்டை வாங்கினார்கள். அவள் நடந்தே வேலைக்குப் போய்விடலாம் என்பது ஒரு காரணம். முன்னறையில் கணப்பைக் கண்டதும் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை என்பது மற்றது. பனிக்காலத்துச் சனிக்கிழமைகளில் விறகு போட்டுவிட்டு, கால்களை நெருப்புப் பக்கம் நீட்டி, மடியில் கடலைத் தட்டோடு இருப்பாள். நாலு வருடத்துக்கு முன் புகைபோக்கி துப்புரவு செய்ய வந்தவன் டோர்ச் அடித்துக் காட்டினான். பின்சுவரில் நெடுக வெடிப்பு. சூடு அதற்குள்ளால் போனால் சுவருக்குப் பின்னால் இருக்கும் மரம் பற்றிக்கொள்ளும். திருத்தும் வரை மூட்டவேண்டாம் என்றான். கணேசலிங்கம் தலையாட்டினார். பேந்து பாப்பம் என்றார். கணப்புக்கு முன்னால் ஒரு பூச்சாடி வந்தது.

ஓகஸ்டில் யோகராணிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. மார்கழி முடிய, வைத்தியமெல்லாம் போதும், வீட்டிலேயே இருக்கிறேன் என்று வந்துவிட்டாள். கஜந்தினி தான் வேலை செய்யும் கார்டெரி என்கிற சிறுவர் காப்பகத்தில் லீவு சொல்லிவிட்டு, சிறுபிள்ளைகளின் இரைச்சலில் இருந்து இந்த அமைதிக்குள் வந்து மூன்று கிழமையாகிறது. வியாழக்கிழமை, மூன்று போர்வைக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்த யோகராணி கணவனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒருக்கா அந்த நெருப்பை மூட்டுங்கோவன். பாத்துக்கொண்டு படுப்பம்."

நாலு வருடத்துப் 'பேந்து' அன்றைக்கு முடிந்தது. வெள்ளிக்கிழமை கட்டடச் சாமான் கடை திறக்க முதலே கணேசலிங்கம் போய் வாசலில் நின்றார். பக்கத்து வீட்டு றெனோல்ட் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். சாதாரண சீமெந்து சரிவராது, முதல் நெருப்பிலேயே பிளந்துவிடும். சூடு தாங்கும் சாந்துதான் வேண்டும். இற்றதெல்லாம் சுரண்டி எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெடிப்பை ஈரமாக்கி, சாந்தை ஆழத்துக்கு அழுத்த வேண்டும். தொட்ட வேலையை இடையில் விட்டால் இறுகிவிடும். பிறகு முழுதாக ஒரு நாள் காயவேண்டும். அதன்பிறகும் முதலில் சுள்ளி நெருப்புத்தான். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்துச் சாந்தைத் தள்ளி வெளியே எறிந்துவிடும்.

"இண்டைக்குப் பூசினா நாளைக்கு, ஞாயிறு பின்னேரம் மூட்டலாம்" என்றார் கணேசலிங்கம், கணப்புக்குள் இருந்தபடியே. "கட்டிலை உருட்டிக்கொண்டு வந்து இதில விடலாம். அவவுக்குச் சொல்லிப்போட்டன்."

"அவவுக்குப் பக்கத்தில இருக்கிறது இதைவிட முக்கியம் இல்லையோ?"

உளி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தட்டத் தொடங்கியது.

சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் இப்போது கட்டில் இருந்தது. கஜந்தினி பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் உதட்டில் வைத்தாள். காலையில் வந்த நேர்ஸ் நாடி பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றிரண்டு கிழமை இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"தட்டுற சத்தம் கேக்குது" என்றாள் யோகராணி.

"அப்பாதான்."

"இப்பதான் அவருக்கு நேரம் கிடைச்சிருக்கு." உதடு இலேசாகக் கோணியது. சிரிப்புத்தான்.

"நிப்பாட்டிப்போட்டு வரச் சொல்லட்டோ, அம்மா?"

"வேண்டாம், செய்யட்டும். இதில வந்து இருந்தா அழுவார். பிறகு நானெல்லோ அவரைத் தேத்த வேணும்."

அதைச் சொன்ன களைப்பில் கண்ணை மூடிக்கொண்டாள்.

கஜந்தினி குசினிக்குப் போய் கஞ்சிக்கு அரிசியைப் போட்டாள். அம்மா இரண்டு கரண்டிக்கு மேல் குடிப்பதில்லை. ஆனாலும் மூன்று நேரமும் அவள் கஞ்சி வைத்தாள். குசினி நடுவில் இருந்தது; ஒரு பக்கம் அம்மாவின் அறை, மறுபக்கம் பிளாஸ்டிக் விரிப்பு. உளிச் சத்தம் நின்று, மேசன் கரண்டி செங்கல்லில் உரசுகிற சத்தம் தொடங்கியிருந்தது. பூசுகிறார். மூன்று மணி இருக்கும். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

"இஞ்சாருங்கோ..."

அம்மாவின் குரல். மெல்லியது, ஆனால் தெளிவாகவே கேட்டது.

கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்த கஜந்தினியின் கை நின்றது. போக வேண்டும் என்று கால் திரும்பியது. திரும்பின கால் அப்படியே நின்றுவிட்டது. கூப்பிட்டது அவரைத்தானே. போகட்டும். ஒருக்காவாவது அந்த மனிதர் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழும்பட்டும். அவள் கரண்டியைச் சட்டிக்குள் அசையாமல் பிடித்துக்கொண்டு, அப்பா எழும்புகிற சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தாள்.

"இஞ்சாருங்கோ."

"இந்தா வாறன் ராணி. ரெண்டு நிமிசம்."

மேசன் கரண்டி உரசிக்கொண்டே இருந்தது. அம்மா மூன்றாவது தரம் கூப்பிடவில்லை. நித்திரையாகியிருப்பா என்று கஜந்தினி தனக்குச் சொல்லிக்கொண்டாள். கஞ்சி கொதித்தது. அடுப்பை நிறுத்தி, கிண்ணத்தில் வார்த்து, ஆற்றி, உப்புப் பார்த்து, எடுத்துக்கொண்டு போனாள்.

யோகராணியின் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை போர்வைக்கு வெளியே வந்து கட்டில் விளிம்பில் கிடந்தது. கஜந்தினி கிண்ணத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மூக்கருகில் தன் கன்னத்தைக் கொண்டுபோனாள்.

"அப்பா!"

பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டது. கணேசலிங்கம் ஓடிவந்து கட்டிலருகே நின்றார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை சாம்பல் நிறச் சாந்து. மனைவியைத் தொடப் போனார். கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். சாந்தைச் சேர்ட்டில் துடைத்தார். போகவில்லை. மறுபடியும் துடைத்தார். அப்படியே இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கஜந்தினி குசினித் துவாயை நனைத்துக்கொண்டு வந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். அதன் பிறகுதான் அவர் யோகராணியின் நெற்றியைத் தொட்டார்.

தம்பி ஆரூரன் ரொறன்ரோவிலிருந்து பனியில் எட்டு மணித்தியாலம் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டான்:

"அம்மா கடைசியா என்ன சொன்னவ அப்பா?"

கணேசலிங்கம் நிலத்தைப் பார்த்தார். "ஒண்டும் சொல்லேல்லை. நித்திரையிலேயே போயிட்டா."

கஜந்தினி தேத்தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். தொடர்ந்து வார்த்தாள்.

அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அதையே கேட்டார்கள். லாசாலில் இருந்த பழைய அயலவர்கள், அம்மாவோடு கல்லூரியில் வேலை செய்த பெண்கள், கோயிலில் பழக்கமானவர்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். நித்திரையிலேயே போயிட்டா. "குடுத்து வைச்சவ" என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒவ்வொரு தரமும் கஜந்தினி அந்த இடத்தில் எங்காவது இருந்தாள். ஏன் பொய் சொல்கிறார் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்தப் பொய்க்குள் தனக்கும் இடம் இருக்கிறது என்பது விளங்கியது. விளங்கியபிறகு அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை தகனம். ஆரூரன் கிரியை செய்தான். புதன் மத்தியானம், அடுத்த பனிப்புயல் வருமுன் போய்விட வேண்டும் என்று அவன் புறப்பட்டான். அப்பாவையும் கூட வரச்சொன்னான்.

"பேந்து பாப்பம்" என்றார் அவர்.

அன்று பின்னேரம் றெனோல்ட் கதவைத் தட்டினார். வாசற்படியின் பனியை அவரே வழித்திருந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, மதாம் யோகா நல்ல மனுஷி, தனக்கு ஒவ்வொரு கோடையிலும் வடை கொண்டுவந்து தருவா என்று பிரெஞ்சில் சொன்னார். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், சாந்து காய்ந்துவிட்டதா என்று கேட்டார். கேட்ட கையோடு அவர் முகம் சிவந்தது. கணேசலிங்கம் அவரை முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமைக்குப் பிறகு அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. கிழிந்த பிளாஸ்டிக் ஒரு பக்கம் தொங்கியது. மூடாமல் விட்ட வாளிக்குள் மிச்சச் சாந்து கல்லாகியிருந்தது.

றெனோல்ட் குனிந்து, விரலால் பின்சுவரைத் தடவிப் பார்த்தார். நல்ல வேலை என்றார். வலது பக்கம் மேலே ஒன்று மட்டும் பாதியில் நிற்கிறது, அதையும் முடித்தால் சரி என்றார். கணேசலிங்கத்தின் தோளில் கையை வைத்து எடுத்துவிட்டு, வந்த வழியே போனார்.

கணேசலிங்கம் அந்தப் பாதி வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். கஜந்தினி வாசலில் நின்றாள். இப்போது சொல்லாவிட்டால் பிறகு ஒருபோதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்பா. அம்மா கூப்பிட்டவ."

அவர் திரும்பவில்லை.

"ரெண்டு தரம் கூப்பிட்டவ. எனக்குக் கேட்டது."

"ஓம்" என்றார். "எனக்கும்தான் கேட்டது. வாறன் எண்டு சொன்னனான்."

"நான் போயிருக்கலாம். பத்து அடிதான். நீங்கள் எழும்ப வேணும் எண்டு வேணுமெண்டே நிண்டனான். உங்களில கோவம்."

கணேசலிங்கம் இப்போதுதான் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. எதையோ கூட்டிப் பார்க்கிறவரைப் போல நெற்றியைச் சுருக்கினார்.

"குசினியில கரண்டிச் சத்தம் நிண்டது" என்றார் மெதுவாக. "நீ அம்மாட்டப் போயிட்டாய் எண்டு நினைச்சன். பிள்ளை போயிட்டுது, இதை மட்டும் அமத்திப்போட்டுப் போவம் எண்டு நினைச்சன்."

கஜந்தினி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வாளி இருந்தது. வெளியே தெருவில் பனி வழிக்கும் வண்டி மஞ்சள் விளக்கோடு போனது. அதன் வெளிச்சம் சுவரில் ஓடி மறைந்தது. கணேசலிங்கத்தின் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. அவள் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் இருந்தாள்.

ஏழு மணிக்கு அவருடைய ஃபோன் அடித்தது. ஊரில் கோண்டாவிலிலிருந்து தவமலர், யோகராணியின் தங்கச்சி. அங்கே விடியப்போகிற நேரம். மூன்று நாளாக அவள் எடுக்கும்போதெல்லாம் ஆரூரன்தான் கதைத்தான். கணேசலிங்கம் ஸ்பீக்கரில் போட்டு, ஃபோனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அத்தான்?"

"தவம்... உன்ர அக்கா நித்திரையில போகேல்லை."

கணேசலிங்கம் ஃபோனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

"என்னைக் கூப்பிட்டவ. நான் போகேல்லை. இந்தா வாறன், வாறன் எண்டு இருந்திட்டன்."

அழுகிறாளா, ஃபோன் அறுந்துவிட்டதா என்று தெரியவில்லை. கஜந்தினி திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு தவமலர் மூக்கை உறிஞ்சினாள்.

"சாப்பிட்டியளோ அத்தான்?"

"இல்லை."

"கஜந்தி பக்கத்திலயோ?"

"இருக்கிறன் சித்தி."

"அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள். ரெண்டு பேரும் எழும்பிப் போய்ச் சாப்பிடுங்கோ. நான் ஃபோனை வைக்கேல்லை. இதிலயே நிக்கிறன்."

கஜந்தினி எழும்பி, லாசாலில் இருந்து யாரோ கொண்டுவந்து தந்த சோற்றையும் பருப்பையும் சூடாக்கினாள். கத்தரிக்காய்க் கறியும் இருந்தது. குசினி மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை வைத்தாள். கணேசலிங்கம் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். ஃபோனை இரண்டு கோப்பைக்கும் நடுவில், தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்தார்கள்.

தவமலர் தன் ஃபோனை எங்கோ வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டது. விளக்குமாறு கொஞ்சத் தூரம் போனது, பிறகு திரும்பிக் கிட்ட வந்தது. கணேசலிங்கம் சோற்றைப் பிசைந்தார்.