கீழ் ஹோஸில் சூடு இல்லை

பனச்சமூடு சந்திப்பில் 'புஸ்'ஸென்று ஒரு சீறல். பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டு நின்றது. ஆவி சூழ்ந்த காரிலிருந்து மோகனன் குதித்து இறங்கினார்.

"எலே, எல்லாரும் வந்து பாருங்க! லிஜா வொர்க்‌ஷாப்ல பணி செய்த வண்டியாக்கும்! முந்தாநாள் செய்தது!"

எதிர்ப்புறம் இருந்த வொர்க்‌ஷாப்பிலிருந்து லிஜா கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். கடை போட்டுச் சில மாதங்கள்தான். பொம்பளைக்கு எஞ்சின் தெரியுமா என்று தயங்கியவர்கள் இப்போதுதான் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். அம்பூரியில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் மோகனன் கடைசியாக வந்தவர். அவர் இங்கே நின்று கத்தினால் வெள்ளறடை வரை சேதி போய்விடும். வந்த வண்டிகளும் திரும்பிப் போய்விடும்.

கிழிந்த ரேடியேட்டர் ஹோஸை மாற்றியது அவள்தான். கிளிப்பைச் சரியாக முறுக்கினோமா?

ஆட்டோ ஓட்டும் சுயம்புவும் வேறு சிலரும் காரைத் தள்ளி வொர்க்‌ஷாப்புக்குள் விட்டார்கள். மோகனன் சாவியைத் திருகினார். செல்ஃப் அடித்தது, எஞ்சின் பிடிக்கவில்லை.

"இனி திருகாதீங்க அண்ணே. ஆறட்டும்."

"ஆறட்டுமா? பாறசாலைல கல்யாணச் சோறு ஆறிப் போவும்!"

"சாயா வேணும்னா சொல்லுங்க அண்ணே, வெந்நி வண்டியிலேயே உண்டு" என்றார் சுயம்பு.

"நீங்க கொஞ்சம் வாய மூடுங்க. பிள்ள நோக்கட்டு" என்று மோகனனை அடக்கினாள், கூட வந்த அவர் மனைவி ஷியாமளா. பட்டுச் சேலையின் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். வண்டியை லிஜாவிடம் விடச் சொன்னவள் அவள்தான். "லிஜா செய்தா சரியாத்தான் இருக்கும்."

"ஓ! உனக்க சர்டிபிகேட்டு!"

லிஜா போனட்டுக்குள் குனிந்தாள். கிளிப் இறுக்கமாக இருந்தது. ஹோஸில் ஈரமே இல்லை. சாவி போட்டே இருந்ததால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மேல் ஹோஸில் விரல் வைக்க முடியவில்லை. கீழ் ஹோஸைப் பிடித்தாள். சூடே இல்லை.

மேலே தண்ணீர் கொதிக்கிறது, கீழே வரவில்லை. நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது.

ஆனாலும் பயம் தீரவில்லை. சூட்டில் ஹெட் கேஸ்கட் போய் உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அப்புறம் காரணத்தை யார் கேட்பார்கள்? எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து பிளக்குகளைக் கழற்றினாள். எல்லாம் காய்ந்திருந்தன.

"உள்ள தண்ணி கேறல" என்றாள்.

பிளக்குகளை மாட்டிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது. உடனே அணைத்துவிட்டு, தண்ணீரை வடித்து, தண்ணீர் போகும் வழியிலிருந்த தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறந்தாள். வெள்ளையாக ஒன்று விரலோடு இழுபட்டு வந்தது. இழுக்க இழுக்க நீண்டது.

மோகனன் அதைப் பிடுங்கி மோந்து பார்த்தார். அவருக்கு இரண்டாம் தடவை மோந்து பார்க்கத் தேவைப்படவில்லை.

"ஒட்டுப்பால்! ஓட்ட விழுந்த ரேடியேட்டர்ல ரப்பர் பால் ஊத்தி அடைக்கியது எங்க பக்கத்துல உண்டு. ஆனா ஓட்டையே இல்லாத வண்டியில எந்த மண்டையன் ஊத்தினான்?"

சுயம்பு சிரித்தார். "மண்டையன் உங்க வீட்டுலதான் இருப்பான். வண்டி அங்கதானே கிடந்தது?"

"நான் ஊத்தல்லடே!" மோகனனின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"எங்கேயாவது தண்ணி ஒழுகிச்சா அண்ணே?" என்று லிஜா கேட்டாள்.

"இல்லியே."

ஷியாமளாவின் முந்தானை அசையாமல் நின்றது.

"நேத்து சந்தைக்குப் போயிட்டு வந்தப்போ, வண்டிக்க அடியில தண்ணி சொட்டிட்டு கிடந்து" என்றாள் மெதுவாக.

"ஏசி போட்டு வந்தியளா அக்கா?"

"போட்டோம்."

"அது ஏசித் தண்ணியாக்கும். எல்லா வண்டியிலயும் சொட்டும். ஒழுக்கு ஒண்ணும் இல்ல."

ஷியாமளா கணவரைப் பார்க்கவில்லை. லிஜாவின் கிரீஸ் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தண்ணிய இவரு கண்டா ஊரு முழுக்க சொல்லி உனக்க பேரக் கெடுத்துருவாருன்னு, ஒரு கிளாஸ் ரப்பர் பால நானாக்கும் ஊத்தினேன் மக்கா."