ஒரே கிண்ணத்து மாத்திரைகள்

அக்காவும் தங்கையும் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில். மேலே இருப்பவர்கள் கசக்கிப் போடும் விரிப்புகளெல்லாம் அங்கேதான் வந்து விழும். துவைக்கும் மெஷின்கள் ஒரு பக்கம், தேய்க்கும் மேஜைகள் ஒரு பக்கம். ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறவர்களுக்கு வெயில் எங்கே, விட்டமின் டி எங்கே? போதாக்குறைக்கு இரண்டு பேருக்கும் சர்க்கரை. அம்மா விட்டுப்போன ஒரே சொத்து என்று தங்கை கேலி செய்வாள். அக்காவுக்குச் சிரிப்பு வராது. ரத்தக்குழாய் அடைத்து, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகு அம்மா பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் அவள். இப்போது அவளுக்கே நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு விட்டமின் டி கொடுத்தால் ரத்தக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்குமா என்று பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே மாதிரி ஒரு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. வாரம் ஒன்று விழுங்க வேண்டும். அவ்வப்போது கையில் பட்டையைக் கட்டி இறுக்கி, சட்டென்று தளர்த்தி, ரத்தம் திரும்பப் பாயும்போது குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். இருவரும் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு குப்பியோடு வீடு வந்தார்கள்.

அன்றோடு அக்காவின் நிம்மதி போயிற்று. தன் அதிர்ஷ்டத்தின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா? எந்த வரிசையில் நின்றாலும் அவள் முறை வரும்போதுதான் கவுன்ட்டரை மூடுவார்கள். தனக்கு வந்தது வெற்று மாத்திரைதான் என்று முடிவே கட்டிவிட்டாள். சில வாரம் போனதும் தங்கையின் முகம் தெளிந்துவிட்டது போல வேறு தோன்றியது. ஒரு நாள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் எடுக்கும்போது மெல்லப் பேச்சை ஆரம்பித்தாள். கூடப் பிறந்தவர்களில் ஒருத்திக்கு மருந்து, இன்னொருத்திக்கு மாவு என்றால் இது என்ன நியாயம்? இரண்டு குப்பியையும் ஒரு கிண்ணத்தில் கொட்டிக் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சின்ன வயதிலிருந்து எதைத்தான் பங்கு போடாமல் தின்றோம்?

“உனக்காகத்தான்டி சொல்றேன்” என்று முடித்தாள்.

தங்கை அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் புதுக் குப்பி வந்ததும் அதே கிண்ணம், அதே பங்கு.

கடைசியில் ரத்தம் எடுத்து விட்டமின் அளவைப் பார்த்து, யாருக்கு எது என்று பூட்டி வைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டபோது குட்டு உடைந்தது. இருவரையும் வரச் சொல்லி, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். அக்காதான் முதலில் போனாள். வெளியே கடையில் எதுவும் வாங்கிச் சாப்பிட்டீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். அக்காவுக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. கிண்ணக் கதையைச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவரும் அலுத்துப் போயிருந்தார். இனி இருவருடைய கணக்கும் ஆராய்ச்சிக்கு உதவாது, இருவரையும் நீக்க வேண்டியதுதான், இனிமேல் மறைக்கவும் ஒன்றுமில்லை என்றார்.

“உங்களுக்கு வந்தது வெறும் மாத்திரைம்மா. ஆனா உங்க ரத்தத்துல விட்டமின் ஏறியிருக்கு. குழாய் மட்டும் முன்ன மாதிரியேதான் இருக்கு. அதுக்கு இது நல்லது பண்ணுமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்.”

அக்கா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கை உள்ளே போனாள். அக்காவுக்குக் கால் வலித்தது. அதைவிட மனசு வலித்தது. தன்னுடையது வெற்று என்றால் ஏறியது எங்கிருந்து ஏறியது? தங்கையின் பங்கிலிருந்து உரிமையாகப் பாதியைப் பிடுங்கித் தின்றுவிட்டு, உனக்காகத்தான் என்று வாய் கூசாமல் சொல்லியும் இருக்கிறாள். நாளைக்கு அவள் காலுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் முகத்தில் விழிப்பது?

தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்பின் வாரை நிதானமாக மாட்டினாள்.

“எனக்கும் வெத்து மாத்திரைதானாம்க்கா. விடு, யாரும் யாரையும் ஏமாத்தல.”

அக்கா தலையாட்டிவிட்டு எழுந்திருக்கலாம். வீடு வரைக்கும் அந்தப் பொய்யிலேயே சௌகரியமாகப் போயிருக்கலாம். அவளால் முடியவில்லை.

“பொய் சொல்லாத. என் ரத்தத்துல ஏறியிருக்காம். அது உன்னுது. எனக்கு வந்தது வெத்துன்னு எனக்கு மொதல்லயே தோணுச்சு. அதான் பங்கு கேட்டேன்.”

“அது அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றாள் தங்கை. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“நெஜமாவே ஏறிச்சாக்கா? அப்ப வீண் போகல.”

அக்கா அதைக் கேட்டபோதுதான் அழுதாள்.