பதினோராவது நிமிடத்துத் தட்டல்

அவருடைய இசைத்தட்டுக் கம்பெனி என்பது வீட்டின் பின்னறைதான். யாருக்கும் பிடிபடாத புதுமாதிரி ஜாஸை மட்டுமே வெளியிடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிற மனுஷன். பூனை பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் என்பது மனைவியின் கட்சி. ஆனாலும் உறை போட்டுப் பெட்டியில் அடுக்குவதெல்லாம் அவள்தான்.

அன்று காலை டிரம்மர் பெண்ணின் இசைத்தட்டுகள் முந்நூறு வந்து இறங்கின. பதினைந்து வருஷம் அடுத்தவர்களுக்கே வாசித்துக் கை காய்த்தவளுக்குச் சொந்தமாக வரும் முதல் தட்டு. அவர் ஆசையாக ஒன்றைப் போட்டுக் காட்டினார். பதினோராவது நிமிடத்தில் டிரம் அடங்கியது. அந்த நிசப்தத்தில் டொக் டொக், சின்ன இடைவெளி, டொக்.

மனைவிக்கு அது பழகிய தட்டல். ஒலிப்பதிவன்று காபியோடு வந்து பின்னறைக் கதவைத் தட்டியது அவளேதான்.

"இதென்னங்க சத்தம்?"

"பாத்தியா, உனக்கே புடிச்சிருக்கு! ஃபேக்டரிக்காரர் கூட ஏதோ கோளாறு, எடுத்துடவான்னு கேட்டார். கையை வைக்காதீங்க, இதுதான் இசையேன்னு சொல்லிட்டேன்."

அடப் பாவி மனுஷா! மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் அடுத்த தட்டுக்கு உறை போட்டாள்.

மத்தியானம் டிரம்மர் வந்து பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் தட்டில் முள்ளை இறக்கியதும் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாடி, முன்னாடியே சொல்லிடறேன். நடுவுல கதவு தட்டுறது நான்தான். உன் முதல் தட்டையே கெடுத்துட்டேன்."

அவர் முகம் செத்துப்போனது. டிரம்மர் எழுந்து முள்ளை அந்த இடத்துக்கே நகர்த்தி வைத்தாள். டொக் டொக், டொக். உடனே டிரம், மிக மெதுவாக, அதே மூன்று அடி, அதே இடைவெளி. பிறகு அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனது.

"நீங்கன்னு தெரிஞ்சுதான் பதில் வாசிச்சேன் அண்ணி. மிச்சம் பத்து நிமிஷமும் அதுலேர்ந்துதான் வந்துச்சு. அதை எடுத்தா தட்டே இல்ல."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இருபது வருஷமா அந்தக் கதவைத் தட்டுறேன். இப்பத்தான் ஒரு பதில் வந்திருக்கு."

அவர் தலையைச் சொறிந்தார். "அன்னைக்கு அந்தக் காபி என்னாச்சு?"

"வழக்கம்போல நானே குடிச்சேன்."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், சர்க்கரை எங்கே என்று அங்கிருந்து குரல் வந்தது.

அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் தேடட்டும்.