துண்டுக்குள் ஒரு பேட்டரிக் கார்

சத்துவாச்சாரியில் கிருபானந்தம் வாத்தியார் ஒரு பேட்டரிக் கார் வைத்திருந்தார். பெங்களூரில் யாரோ ஆசையாக வாங்கி, ஆசை தீர்ந்து விற்ற வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் காய்கறிப் பை உட்காரலாம். பெட்ரோல் பங்கைத் தாண்டும்போதெல்லாம் வாத்தியார் முகத்தில் ஒரு கர்வச் சிரிப்பு வரும். வீட்டு வாசலில் அது போய்விடும். வீடு மாடியில், கார் தெருவில்.

மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு கறுப்பு வயர் இறங்கி, கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா அமிர்தவள்ளியின் துணிக்கொடியை உரசிக்கொண்டு காருக்குப் போகும். அது 2008. கரண்ட் வருவதே விருந்தாளி மாதிரி. வந்ததும் மேலே வாத்தியார் வயரை மாட்டுவார், கீழே அமிர்தவள்ளி கிரைண்டரைப் போடுவார், ஃபியூஸ் போய்விடும். மறுபடியும் மாவு பாதியில் நின்ற ஒரு காலையில் அமிர்தவள்ளி மாடியேறி வந்தார்.

"சார், அந்த வயரு இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும். எதுன்னு இந்த மாசத்துக்குள்ள சொல்லிடுங்க."

வாத்தியாரின் மனைவி ஆக்னஸ் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து கண் எரிய நின்றிருந்தாள்.

"கார வித்துடலாங்க. ஆஸ்பத்திரி பக்கத்துல இந்த வாடகைக்கு வேற வீடு கெடைக்காது."

வாத்தியார் துணியை எடுத்துக்கொண்டு கார் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

வாங்க ஆள் கிடைத்தது. ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த அப்துல் சமத். ஆக்னஸின் அப்பா ஒரு காலத்தில் அவருக்குத் தரகு பார்த்தவர். ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். பள்ளிகொண்டா தாண்டியதும் சார்ஜ் முள் சரிய ஆரம்பித்தது. பேசினால் இன்னும் இறங்கும் என்பதுபோல வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். மண்டி வாசலில் கார் நின்றது. அவர் நிறுத்தினார் என்று சொல்ல முடியாது.

"ஓட்டிப் பாக்கணுமே சார்," என்றார் சமத்.

"பாக்கலாம் பாய். கொஞ்சம் சார்ஜ் ஏறணும்."

"எவ்ளோ நேரம்?"

"சாயந்திரம் ஆவும்."

"ஜட்கா குதிர கூட இவ்ளோ நேரம் தின்னாது சார்." சிரித்தபடியே சமத் ஜெனரேட்டர் கொட்டகையில் பிளக்கைக் காட்டினார். பிரியாணிக்கும் ஆள் அனுப்பினார்.

மண்டி முற்றத்தில் இரண்டு நாற்காலி. வாத்தியார் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் ஆக்னஸ் தூங்குவாள். அவர் தூங்கும்போது அவள் வார்டில் இருப்பாள். கல்யாணமானதிலிருந்து ஒரு பகல் முழுக்க, ஒரு வேலையும் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவர் தலைமையாசிரியர் மாதிரி நடந்து காட்டினார். உப்புத் தோல் வாடைக்கு நடுவே அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அவர் தோளிலேயே தூங்கிப்போனாள். தன் மூக்கில் ஈ உட்கார்ந்தும் வாத்தியார் அசையவில்லை.

சாயங்காலம் சமத் ஓட்டிப் பார்த்தார். "சத்தமே இல்ல. பேஜாரில்லாத வண்டி. வாங்கிக்கறேன்," என்று வலது கைமேல் துண்டைப் போட்டு நீட்டினார்.

மண்டியில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். காருக்கென்றால் விரலுக்கு ஒரு லட்சம். உள்ளே பேசியது வெளியே வராது. தரகர் வீட்டு மாப்பிள்ளைக்கு இதெல்லாம் அத்துப்படி என்று சமத் நினைத்தார். வாத்தியாரோ கை குலுக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்தார். பிரியப்போகிற வண்டியை எண்ணி, ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார்.

சமத்தின் புருவம் ஏறியது. பதிலுக்கு வாத்தியாரின் இரண்டு விரலை மட்டும் பிடித்தார். மனுஷன் நம் வருத்தத்தைப் புரிந்துகொண்டார் என்று வாத்தியார் நெகிழ்ந்து, மறுபடி மொத்தக் கையையும் அழுத்தினார்.

சமத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நமக்குத் தோதுப்படாது சார். மனசுல வெச்சுக்காதீங்க."

வாத்தியார் விழித்தார். ஆக்னஸ் அவரை ஓரமாக இழுத்தாள். "எத்தன வெரல புடிச்சீங்க?"

"எல்லாத்தையும்தான். கை குடுத்தா வேற எப்படிப் புடிப்பாங்க?"

புது வண்டிக்கே ஐந்து லட்சம் ஆகாது. சமத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், துண்டு மறுபடி இறங்கும். அது ஆக்னஸுக்குத் தெரியும். சமத்தும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பாய், வர்றோம். வீட்ல கேட்டதா சொல்லுங்க," என்று அவள் போய்க் காரில் உட்கார்ந்தாள்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் வாத்தியார் கேட்டார். "வீட்டுக்காரம்மாக்கு இன்னா பதில் சொல்றது?"

"காலி பண்றோம்னு சொல்லுங்க. கீழ் வீடா பாருங்க, தூரமா இருந்தாலும் பரவால்ல. டூட்டிக்கு நீங்க இந்தக் கார்லயே கொண்டாந்து விடுங்க."